மீன் சாட்சி

"போச்சுடா ராபின்! மீனெல்லாம் மல்லாந்து கெடக்குது!"

முதலாளி சிவபிரகாஷ் போட்ட சத்தத்தில், பிளாண்டை ஓட்டும் ராபின் உள்ளிருந்து அலறியடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்தான்.

சாயப்பட்டறைக் கழிவுநீரைப் பிளாண்டில் சுத்தம் செய்து, அந்தத் தண்ணீரிலேயே மீன் வளர்த்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவது சிவபிரகாஷின் பெருமை. இன்று அதைப் பார்க்கத்தான் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஆள் வருகிறது. திருப்தியானால் ஒரு வருடத்து ஆர்டர். இல்லாவிட்டால் பட்டறைக்குப் பூட்டுதான்.

"முதலாளி, பிளாண்டு நல்லாத்தாம் ஓடுது. சத்தியமா!"

"அப்பறம் மீனுக்கு என்ன, மாரடைப்பா? நாளைக்கே உன் ஊரு தூத்துக்குடிக்கு பஸ் ஏறிக்கோ!"

வாசலில் இருந்த மீன் தொட்டியை மறைக்கக்கூட நேரமில்லை. கார் வந்து நின்றது. இறங்கிய கம்பெனி அதிகாரி அக்ஷராவுக்கு, கூட்டிப் பெருக்கும் வெள்ளையம்மாள் வழக்கம்போல ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டினாள். பாதியைக் குடித்துவிட்டு அக்ஷரா தொட்டிப் பக்கம் திரும்பினாள்.

"போன்ல சொன்னீங்களே, அந்த மீனுங்களா சார் இது?"

ராபின் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஐயோ சாமி!" வெள்ளையம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். "நேத்து சாயங்காலம் நாந்தானுங்க தொட்டியக் கழுவி வுட்டேன்!"

"உங்கள யாருங்க கழுவச் சொன்னது?" என்றான் சிவபிரகாஷ்.

"எங்கூட்டுக் கெணத்துல அப்பெல்லாம் தண்ணி செவப்பாத்தானுங்க வரும். இந்தப் பிளாண்டு வந்தப்பறந்தான் தெளிஞ்சுது. இப்ப தவளை கூடக் கத்துது. அந்த நன்றிக்கு, இந்த மீனுங்களும் ஒரு நாளாச்சும் நல்ல தண்ணில நீந்தட்டும்னு, பிளாண்டுத் தண்ணிய மொண்டுட்டுக் குழாய்த் தண்ணி ரொப்புனனுங்க."

ராபின் நிமிர்ந்தான். "மொண்ட தண்ணி எங்கம்மா?"

"செடிக்கு ஊத்தலாம்னு அந்த வாளில வெச்சிருக்கறேன். ரெண்டு குஞ்சு மீனு கைக்கு அகப்படல கண்ணு, அதுலயே கெடக்குது."

ராபின் வாளியைத் தூக்கி வந்தான். உள்ளே இரண்டு மீன்களும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன.

"குழாய்த் தண்ணில பிளீச்சிங் பவுடர் போடுவாங்கல்லா, மேடம். நமக்கு ஒண்ணும் செய்யாது. மீனு தாங்காது."

சிவபிரகாஷ் அவனுடைய இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டான். "பஸ்ஸும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். இங்கயே இரு சாமி."

தன்னால்தான் மீன்கள் செத்தன என்று அழுதுகொண்டிருந்த வெள்ளையம்மாளின் தோளைத் தொட்டாள் அக்ஷரா. "உங்க கெணத்துத் தவளை சொல்றதே போதும்மா. ஆர்டர் உங்களுக்குத்தான் சார். ஆமா, அது எந்தக் குழாய்த் தண்ணி?"

"இப்பக் குடிக்கறீங்களே கண்ணு, அதேதானுங்க."

அக்ஷரா டம்ளரை மெல்லக் கீழே வைத்தாள்.

"ராபின், உங்க பிளாண்டுத் தண்ணி ஒரு டம்ளர் கிடைக்குமா?"