அழிக்கதுக்கு முன்னாடி

"அழிச்சிராதேயும் தம்பி! கையை எடும்!"

நமசிவாயம் போட்ட சத்தத்தில், பென் டிரைவைச் செருகப் போன கம்ப்யூட்டர் கடை அல்தாபின் கை அப்படியே நின்றது.

கூடத்து மேசையில் பழைய சர்வர் ஒன்று இரைந்துகொண்டிருந்தது. தென்காசியில் இருபது வருஷம் நடந்த திருமணத் தகவல் மையத்தின் சர்வர். நடத்திய சண்முகசுந்தரி மையத்தை மூடிவிட்டு மகன் வீட்டுக்குக் கோயம்புத்தூர் போகிறாள். "சல்லிசா வருதுப்பா, வாங்கிப் போடுவோம்" என்று சொன்னது மகள் ஸ்ரீமதிதான்.

வீட்டுக்கு எதுக்கு சர்வர் என்று கேட்கக் கூடாது. நமசிவாயம் வீட்டில் நாலு கேமரா. ஒன்று அவர் வாசலைப் பார்க்கும். மற்ற மூன்றும் எதிர்வீடு, பக்கத்து வீடு, தெருமுனை. ஆறு மாசப் பதிவாவது கைவசம் வேண்டாமா?

"அண்ணாச்சி, பழசைச் சுத்தமா அழிச்சிட்டுத்தான் புது சிஸ்டம் ஏத்தணும்."

"அழியும், யாரு வேண்டாம்னா? அதுக்கு முன்னாடி ஒரு பார்வை பாத்துக்கிடுவோம். ஊருல பாதிப் பேரு ஜாதகம் இதுக்குள்ளல்லா கிடக்கு!"

"அடுத்தவங்க வீட்டு விஷயம் அண்ணாச்சி. பாக்காதீங்க."

"காசு குடுத்து வாங்குனது நான். நீரு யாருவே எனக்குப் புத்தி சொல்ல?"

மூலையில் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்த ஸ்ரீமதி தலை நிமிரவில்லை. கணக்கு டீச்சர். வயசு முப்பது. மூன்று வருஷத்தில் பதினோரு மாப்பிள்ளை வீட்டார் வந்து பஜ்ஜி தின்றுவிட்டுப் போயாயிற்று. பதினோரு தடவையும் மையத்திலிருந்து ஒரே பதில்: ஜாதகம் பொருந்தலை.

அதற்காக ஒன்பது செவ்வாய்க்கிழமை பண்பொழி முருகன் கோயில் மலைப் படி ஏறினாள். அப்பா அடிவாரத்து டீக்கடையில் உட்கார்ந்து, யார் யாரோடு மேலே போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் ராசி அப்படி. யாரைக் குத்தம் சொல்ல?" என்பார், அவள் சோற்றில் கை வைக்கும்போதெல்லாம்.

அல்தாப் இன்னும் விடவில்லை.

"அண்ணாச்சி, இதுல 'உள் காரணம்'னு தனியா ஒண்ணு எழுதி வச்சிருக்காங்க. வேண்டாம்னு போனவங்க உண்மையில என்ன சொன்னாங்கன்னு. பொண்ணு வீட்டுக்காரங்க மனசு நோகக் கூடாதுன்னுதான், வெளியே எல்லாருக்கும் ஜாதகம் பொருந்தலைன்னு சொல்லுதது. அதான் சொல்லுதேன், பாக்காதீங்க."

நமசிவாயத்துக்கு நாக்கில் எச்சில் ஊறிவிட்டது.

"உள் காரணமா! எதிர்வீட்டுக் குமரகுரு மகளுக்கு ரெண்டு இடம் தட்டிப் போச்சுல்லா? தேடும், தேடும்!"

தேடினான். இல்லை.

"இலத்தூர் ரைஸ்மில்காரர் மகன்?"

அதுவும் இல்லை.

"என்ன இழவுவே இது! காலிப் பெட்டியை நம்ம தலையில கட்டிட்டாளா?"

"ஏங்க, நம்ம பேரைப் போட்டுப் பாருங்களேன்" என்றாள் அடுக்களையிலிருந்து வந்த மனைவி முத்துலட்சுமி.

"நமக்கு என்னட்டி உள் காரணம்? எல்லாம் உம்மக ஜாதகம்தான்."

அல்தாப் எழுந்து திரைக்கு முன்னால் நின்றுகொண்டான்.

"அண்ணாச்சி, உங்க நல்லதுக்குச் சொல்லுதேன். பாக்காதீங்க."

அவ்வளவுதான். அவனைத் தள்ளிவிட்டு, ஒற்றை விரலால் தன் பெயரைத் தானே தட்டினார்.

பதினோரு வரி வந்து விழுந்தது. ஊருக்கே கேட்கிற மாதிரி படிக்க ஆரம்பித்தார்.

"பொண்ணைப் பிடிச்சிருக்கு. அப்பாதான், பையனோட சித்தி ஏன் புருஷன்கூட வாழலைன்னு நாலு தடவ கேட்டாரு. வேண்டாம்."

குரல் இறங்கியது.

"பொண்ணை ரொம்பப் பிடிச்சிருக்கு. அப்பா, பையனோட சம்பளச் சீட்டை வாட்ஸ்அப் குரூப்புல போட்டுட்டாரு. வேண்டாம்."

இன்னும் இறங்கியது.

"பொண்ணு தங்கம். பாத்ரூம் போறேன்னு உள்ள போன அப்பா, எங்க பீரோவைத் திறந்து பாத்துக்கிட்டு நின்னாரு. வேண்டாம்."

மீதி எட்டையும் அவர் படிக்கவில்லை. முத்துலட்சுமி படித்தாள், நல்ல சத்தமாக.

"அப்போ எனக்குத் தோஷம் ஒண்ணும் இல்ல, என்னப்பா?" என்றாள் ஸ்ரீமதி.

நமசிவாயம் மகள் முகத்தைப் பார்க்கவில்லை.

"அழிச்சிரும் தம்பி" என்றார். "அடுத்தவங்க விஷயத்தை வீட்டுல வச்சிருக்கது பாவம்லா."

அல்தாப் அழித்தான். புது சிஸ்டத்தை ஏற்றினான். எந்தெந்தக் கேமராவை இணைக்கணும் என்று கேட்டதற்கு, "வாசல் கேமரா மட்டும் போதும்" என்று முனகினார் அவர்.

வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. கேட் வரைக்கும் கூடவே வந்தாள் ஸ்ரீமதி.

"மத்த வீட்டு விவரம் பூராத்தையும் நேத்தே கடையில வச்சு அழிச்சிட்டேம்மா. நீ சொன்ன மாதிரி உங்க வீட்டுது மட்டும்தான் விட்டு வச்சேன்" என்றான் அல்தாப். "ஆனா அந்தச் சண்முகசுந்தரி அம்மா உங்கிட்ட சொன்னதை, நீயே அப்பாட்ட சொல்லியிருக்கலாம்லா?"

"ரெண்டு தடவ சொன்னேம்ணே. 'உன் குத்தத்தை என் தலையில கட்டுதியா'ன்னு கத்துனாவ. எங்கப்பா சொன்னா நம்ப மாட்டாவ. மறைச்சாத்தான் நம்புவாவ."

கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"அதான் 'பாக்காதீங்க'ன்னு உங்களை அஞ்சு தடவ சொல்லச் சொன்னேன். மூணாவதுலயே விழுந்துட்டாவ, பாத்தீங்களா!"