கடைசிப் பக்கத்து ஜெபம்

சபையின் கன்வென்ஷன் கூட்டப் பந்தலில், பாதி விலைப் புத்தகக் குவியலுக்குள் தான் மொழிபெயர்த்த நாவலைக் கண்டு அருமைநாயகம் நின்றுவிட்டார். விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தில் வாந்திபேதிக்குப் பிள்ளையைப் பறிகொடுத்த மார்த்தா என்ற பாதிரியார் மனைவியின் விசுவாசக் கதை அது. பக்கத்தில் நின்ற பெண் அதில் ஆறு பிரதிகளைப் பொறுக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“அத்தனையும் ஒரே புத்தகமாம்மா?”

“நான் நர்ஸ், ஐயா. எங்க வார்டுல பிள்ளையப் பறிகொடுக்கிற தாய்மாருக்குக் குடுப்பேன். எம் மவன் போனப்ப இதுல மார்த்தா பண்ணுத ஜெபம் மட்டுந்தான் என் வாயில வந்துச்சு. ‘ஆண்டவரே, உம்மேல் கோபமாயிருக்கிறேன், ஆனாலும் என்னை விட்டுப் போகாதேயும்.’ இத எழுதுன இங்கிலீஷ்காரிக்கு எம் மனசு எப்படித்தான் தெரிஞ்சுதோ.”

ஆங்கில மூலத்தில் மார்த்தா ஜெபிப்பதே இல்லை. வேதத்தை மூடி வைத்துவிட்டுக் கோழிகளுக்குத் தீனி போடப் போகிறாள். அதோடு கதை முடிகிறது. நம் சனங்கள் இதை ஏற்கமாட்டார்கள் என்று பதிப்பாளர் முகம் சுளித்தபோது, ஜெபிப்பதை நிறுத்திப் பதினோரு வருஷமாகியிருந்த அருமைநாயகம் எழுதிக் கொடுத்த வரிகள் அவை.

“நீங்க வாசிச்சிருக்கீங்களா, ஐயா?”

“இல்லம்மா.”

“கடைசிப் பக்கத்தையாவது வாசிங்க” என்று ஒரு பிரதியை அவர் கையில் வைத்துவிட்டு அவள் போனாள்.

அவர் அந்தப் பக்கத்தைத் திருப்பினார். கண்ணாடியை வீட்டிலேயே விட்டு வந்திருந்தார். அது தேவைப்படவில்லை.