பத்து நாள் தாங்கும் பேட்டரி

காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் வீட்டு வண்டிக்குள், கட்டில் பலகையைத் தூக்கிவிட்டு அடியில் தலையை நுழைத்துக் கிடக்கிறார் கணவர். வெளியே தெரிவது முழங்காலும் தேய்ந்த செருப்பும்தான். மனைவி டார்ச் பிடித்தபடி குனிந்து நிற்கிறாள். நிமிர்ந்தால் அலமாரி தலையில் இடிக்கும். கூரைமேல் புதிதாகப் பொருத்திய சோலார் தகட்டிலிருந்து இறங்கும் வயர்கள் அவள் கால்களைச் சுற்றிக் கிடக்கின்றன. வீட்டை விற்றுவிட்டு இதில் குடியேறி எட்டு மாதம். பழைய பேட்டரி இரண்டு நாளில் உயிரை விட்டுவிடும்; அதனால் இதுபோன்ற வண்டிகள் தங்கும், கரண்ட் உள்ள முகாமாகப் பார்த்து நிறுத்துவார்கள். அங்கேதான் அவளுக்குப் பேச்சுத்துணை. இப்போதும் திறந்த கதவுக்கு வெளியே, கொடியில் துணி உலர்த்தும் இரண்டு பெண்கள் எதற்கோ விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். "புதுசு பத்து நாள் தாங்கும். இனி எவன் முகத்துலயும் முழிக்க வேண்டாம்," என்கிறது கட்டிலுக்கடியில் குரல். "நடுவுல எங்கேயாவது நிக்கலாம்ல?" என்கிறாள். "எதுக்கு? அதான் எல்லாம் உள்ளயே இருக்கே. வெளிச்சத்தை ஆட்டாதே. சரி, ஸ்விட்சைப் போடு." போடுகிறாள். விளக்கு எரிகிறது, ஃபிரிட்ஜ் முனகுகிறது, இதுநாள்வரை ஊமையாகக் கிடந்த ஏசியும் மூச்சு விடுகிறது. அவர் தலையெல்லாம் தூசியோடு வெளியே வந்து குழந்தைபோல் கைதட்டுகிறார். "எப்படி? எல்லாம் உனக்காகத்தான்." அவளால் கோபப்படக்கூட முடியவில்லை. "நல்லாருக்கு," என்கிறாள். கொடியருகே நிற்பவர்களில் ஒருத்தி, வாயேன் என்று கையசைக்கிறாள். "கதவைச் சாத்தும்மா, குளிர் வெளியே போகுது," என்கிறார் அவர். அவள் பதிலுக்குக் கையசைத்துவிட்டு, அதே கையால் கதவை இழுத்துச் சாத்துகிறாள்.