வெள்ளிக்கிழமைச் சங்கு

“அந்தச் சங்கை நிறுத்துங்கோ சார். எனக்க பிள்ளை பயந்து சாவுது,” என்றாள் பிந்து.

ஆலை அலுவலகத்தில் அவள் பின்னால் ஊர்ப் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். எல்லார் வீட்டு ஆண்களும் வளைகுடாவில். அங்கே போர் மூண்டதிலிருந்து போனில் அபாயச் சங்கைக் கேட்டுக் கேட்டு இவர்களுக்கு உறக்கமே போயிருந்தது. போதாக்குறைக்கு, திருவட்டாறு பக்கத்து இந்த ரப்பர் பால் ஆலையும் வெள்ளிதோறும் தன் அபாயச் சங்கைச் சோதனைக்கென்று ஊதும். பால் கெடாமலிருக்க ஊற்றும் அம்மோனியாவின் வாடை ஊருக்குப் பழகிப்போனது. சங்குதான் பழகவில்லை.

சங்கு கேட்டால் பிந்துவின் மகள் சுஜி, எங்கே விளையாடினாலும் காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடி வந்துவிடுவாள். “அப்பா மேல குண்டு விழுந்துட்டுதா?” என்று கட்டிலுக்கடியில் கிடந்து அழுவாள். பெற்றவள் எத்தனை நாள்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்?

பாதுகாப்பு அலுவலர் ஞானசிங் அசையவில்லை. விதி விதிதான், நிறுத்த முடியாது என்றார். ஆனால் இயக்குநர் ராஜகுமார் இளகிய மனசுக்காரர். போரால் ரப்பர் கையுறைக்கு ஆர்டர் குவிகிற நேரத்தில் ஊரைப் பகைத்துக்கொள்ள அவருக்கு மனமில்லை.

“ஊர் நல்லா இருந்தாத்தான் கம்பெனி நல்லா இருக்கும்,” என்றார். இயக்குநர் குழு கூடியது. போர் முடியும்வரை சங்கு ஒரு தடவைகூட ஊதாது என்று முடிவானது. தப்பித் தவறியும் ஊதிவிடக் கூடாதென்று வயரையே கழற்றிவிட்டார்கள். பெண்கள் ராஜகுமாரைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

அடுத்த வெள்ளி. பிந்துவிடம் கணவன் வினோஜ் போனில் பேசிக்கொண்டிருந்தபோதே அந்தப் பக்கம் சங்கு அலறியது. ஓடுகிற சத்தம், கூச்சல். லைன் அறுந்தது.

ஆதிகேசவப் பெருமாளே, தாலியைக் காப்பாத்தும் என்று பிந்து போனை நெஞ்சோடு அணைத்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். மறுபடி மணி அடித்தபோது எடுக்கவே பயமாயிருந்தது.

வினோஜ்தான்.

“பயப்படாண்டாம். சங்கு கேட்டதும் எல்லாரும் கீழே பதுங்கறைக்கு ஓடி வந்துட்டோம். அது மட்டும் ஊதல்லைன்னா நாங்க யாரும் இல்லை, பிந்து.”

அவள் வாய்விட்டு அழுதாள். போன உயிர் திரும்பி வந்தது. அழுகையோடு இருமலும் வந்தது.

“எதுக்கு இப்பிடி இருமுத?”

“ஆலை வாடைதான். இன்னைக்குக் கொஞ்சம் கூடுதல்.”

எரிந்த கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். ஞானசிங் முகத்தில் ஈரத்துண்டைச் சுற்றியபடி, வீடு வீடாகக் கதவைத் தட்டிக்கொண்டு ஓடி வந்தார். அவருக்குப் பின்னால் ஆலைக்குள்ளிருந்து வெள்ளைப் புகை மதிலைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது.

அந்த மதிலோரத்தில் சுஜி, காதைப் பொத்தாமல், பயமே இல்லாமல், தேங்காய்ச் சிரட்டையில் மண்சோறு ஆக்கிக்கொண்டிருந்தாள்.