கஜபதி எழுதாத காட்சி

முதல் பரிசு ‘தறிகெட்டவன்’ நாடகத்துக்கு என்று மைக்கில் சொன்னதும் கஜபதிக்குக் கை கால் ஓடவில்லை.

நாலு வருஷமாக எழுதி அனுப்புகிறான். ஒரு ஆறுதல் பரிசுகூடக் கிடைத்ததில்லை. அரக்கோணத்தில் ஹார்டுவேர் கடையில் வேலை. திருத்தணியிலிருந்து போக வர, ரயிலில் உட்கார்ந்து எழுதிய நாடகம் இது.

ஊர் நாடகக் குழு வருஷா வருஷம் நடத்தும் போட்டி. பரிசு வாங்கும் நாடகத்தை ஆடிக் கிருத்திகை சமயத்தில் மேடை ஏற்றுவார்கள். அரை மணிக்கு மேல் போகக் கூடாது, சமுதாயத்துக்கு ஒரு கருத்து கட்டாயம் இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

கருத்தில் கஜபதி குறை வைக்கவில்லை. ஆர்.கே.பேட்டை விசைத்தறிக்காரன் ஒருவன் குடித்தே அழிகிறான். பெண்டாட்டி ராவும் பகலும் தறி ஓட்டிப் பார்த்துவிட்டு, முடியாமல் கிணற்றில் விழுந்து சாகிறாள். புருஷன் கிணற்று மேட்டில் நின்று ஒன்றரைப் பக்கம் அழுது திருந்துகிறான். அந்த ஒன்றரைப் பக்கத்தை எழுதிய அன்று கஜபதி அரக்கோணத்தில் இறங்க மறந்து, அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் போய்விட்டான்.

நடுவர் ராஜமாணிக்கம் எழுந்து வந்தார். நோட்டீஸில் அவர் பெயருக்கு முன்னால் இரண்டு வரிக்குப் பட்டங்கள் இருந்தன. வந்த இருபத்திரண்டு நாடகங்களையும் ஒரு வரி விடாமல் மூன்று முறை படித்ததாகவும், அதனால் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட வேண்டியதாகிவிட்டது என்றும் ஆரம்பித்தார். கூட்டம் உருகியது.

“இந்த நாடகத்தின் கடைசிக் காட்சியைச் சொல்லாமல் நான் இறங்க மாட்டேன்” என்றார். “அவள் அழவில்லை. கத்தவில்லை. எழுந்து போய்த் தறியை நிறுத்துகிறாள், அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் எதிர் வீட்டுத் தறி நிற்கிறது. பக்கத்து வீட்டுத் தறி நிற்கிறது. தெருவே அமைதியாகிவிடுகிறது. பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தில் தூங்கிப் பழகிய புருஷன், அது இல்லாமல் பயந்துபோய் வாசலுக்கு ஓடி வருகிறான். நாடகம் முடிந்தது.”

அரங்கம் அதிரக் கைதட்டினார்கள்.

கஜபதி மட்டும் தட்டவில்லை. அவன் நாடகத்தில் தறி நிற்கவே இல்லை. அவள் கிணற்றுக்குப் போகும்போதுகூட ஓடிக்கொண்டுதான் இருந்தது.

வேறு யாருடைய தாளோ தன்னுடையதோடு கலந்துவிட்டது என்று அவனுக்குத் தோன்றியது. போட்டிக்கு எழுதியவர்கள் உட்கார்ந்திருந்த வரிசையை மெல்ல நோட்டம் விட்டான். யாராவது முகம் சுளிக்கிறார்களா, எழுந்து நிற்கிறார்களா என்று பார்த்தான். பக்கத்தில் ஹெல்மெட் பற்றி எழுதிய தணிகைமணி சந்தோஷமாகத் தட்டிக்கொண்டிருந்தான். ஒரு முகமும் வாடவில்லை.

ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. அதற்குள் சால்வை தோளில் விழுந்தது. ஷீல்டு கைக்கு வந்தது. மைக்கும் வந்தது.

“அந்தக் கடைசிக் காட்சியை எழுதறப்ப எனக்கே கண்ணு கலங்கிடுச்சிங்க” என்றான் கஜபதி.

நடுவர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

விழா முடிந்து எல்லோரும் டிபனுக்கு நகர்ந்தபோது, ஒரு வயதான அம்மா கஜபதியைத் தேடி வந்தாள். நடுவரின் மனைவி புஷ்பலதா. விழா முழுக்க முதல் வரிசையில் அவருடைய மாத்திரை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள்.

“தம்பி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தக் கடைசிக் காட்சி...”

தப்பைக் கண்டுபிடித்துவிட்டார்கள், வீட்டுக்காரர் மானம் போகக் கூடாதென்று இந்த அம்மாவை அனுப்பியிருக்கிறார்கள் என்று கஜபதி நினைத்தான். அவள் முடிப்பதற்குள் அவனே ஒப்புக்கொண்டான். தான் அந்தக் காட்சியை எழுதவில்லை என்றும், எழுதியது யார் என்று சொன்னால் அவர் கையிலேயே ஷீல்டைக் கொடுத்துவிடுவதாகவும் சொன்னான்.

அந்த அம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

“அவருக்கு இவ்ளோ படிக்கறதுக்குப் பொறுமை ஏது தம்பி. இருபத்திரண்டையும் நான்தான் படிச்சேன். அடுப்பு வேலை பார்த்துகினே ஒவ்வொரு கதையா சொல்லுவேன், அவரு சேர்ல சாஞ்சிகினு மார்க் போடுவாரு. எல்லா வருஷமும் அப்படித்தான். உன் கதை நல்லாத்தான் போய்கினு இருந்துச்சு. கடைசில அந்தப் பொண்ணு கெணத்துல வுழுந்துட்டா. அதை எனக்கு வாயால சொல்ல முடியல. தறியை நிறுத்திட்டா, தெருவே நிறுத்திடுச்சின்னு சொல்லிட்டேன்.”

காரிலிருந்து நடுவர், மாத்திரை எங்கே என்று குரல் கொடுத்தார்.

“ஆங், வரேங்க” என்று திரும்பினாள்.

கஜபதி ஷீல்டை அவளிடம் நீட்டினான். அவள் அதை அவன் பக்கமே தள்ளினாள்.

“அதை நீயே வெச்சிக்க. ஆடிக் கிருத்திகைக்கு மேடையில போடறப்ப, அவளை மட்டும் சாவடிச்சிடாத.”