வீட்டுப் படம்

"இன்னும் கொஞ்சம் பின்னுக்குப் போங்கம்மா. கரிஞ்ச கதவு நிலையும் படத்துல விழணும்" என்றார் கல்முனை ஸ்டூடியோக்காரர்.

சகாயம்மா கூரையில்லாத வீட்டின் முன்னால் நின்றாள். நாட்டில் பிரச்சினை இருக்கும்வரைதான் கனடாவில் இருக்கலாம் என்று அங்குள்ள அதிகாரிகள் மகனிடம் சொல்லியிருந்தார்கள். அத்தாட்சிக்கு வீட்டுப் படம் கேட்டிருந்தான்.

படம் எடுத்ததும் அவள் விம்மி அழுதாள். பக்கத்து வீட்டு றபீக்கா அவளைப் பிடித்து, வேலிக்கு அப்பால் இருந்த ஓட்டு வீட்டுக்குக் கூட்டிப்போனாள்.

உள்ளே மாதா படத்தின் கீழே றபீக்காவின் பிள்ளைகள் சோறு தின்றுகொண்டிருந்தார்கள். தீ வைத்த நாளிலிருந்து அவர்களுக்கு அங்கேதான் படுக்கை.

"என்ட வீடு இப்படி முழுசா நிற்கக்குள்ள, உன்ட வீட்டை என்ட வீடெண்டு காட்டிட்டனே, றபீக்கா. பொய்தானே இது?"

றபீக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"எரிஞ்சது பொய்யா, அக்கா?"