ஒரு கண்ணி அதிகம்

“உன் வீட்டுக்காரர் கையில என்னமோ இருக்கு பெய்ந்தா. நாமளும்தான் நாப்பது வருஷமா ஊசியும் நூலுமா உக்காந்திருக்கோம். ஒருத்திக்காவது இப்படித் தோணுச்சா?”

ருபார்ப் தண்டு போட்டுச் சுட்ட கேக்கை மென்றுகொண்டே தூரி கேட்டாள். பெய்ந்தா முகத்தில் சிரிப்பை ஒட்டிக்கொண்டு எல்லோருக்கும் காபி ஊற்றினாள்.

வாராவாரம் ஒரு வீட்டில் கூடிப் பின்னுகிற பெண்கள் அவர்கள். அந்தச் சனிக்கிழமை மத்தியானம் பெய்ந்தா வீட்டின் முறை. வழக்கமாக ஏழு பேர் வருவார்கள். அன்றைக்குப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். பெய்ந்தாவைப் பார்க்கவா வந்தார்கள்? அவள் கணவன் ஹன்னுஸைப் பார்க்க வந்தார்கள்.

ஹன்னுஸ் முப்பத்தெட்டு வருஷம் மீன்பிடிக் கப்பலில் கிடந்தவன். முழங்கால் தேய்ந்துபோய் அறுபத்திரண்டு வயதில் கரையேறினான். வீட்டில் சும்மா இருக்க மாட்டாமல் அவளுடைய ஊசியை எடுத்துப் பின்ன ஆரம்பித்தான். பொழுது போகட்டுமே என்று அவளும் விட்டுவிட்டாள். அடுத்த வருஷமே அவன் பின்னிய ஸ்வெட்டர் படத்தோடு பத்திரிகையில் வந்துவிட்டது.

என்ன பெரிய ஸ்வெட்டர்? ஃபாரோ தீவுகளில் எல்லா வீட்டிலும் பின்னுகிற அதே குட்டிப் பூதான். ஆனால் ஹன்னுஸின் பூக்கள் நேராக நிற்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து உடம்பைச் சுற்றி ஏறின. காற்றில் சாய்ந்த மலைப்புல் மாதிரி இருக்கிறது என்று பத்திரிகைக்காரர்கள் உருகி உருகி எழுதினார்கள். ஊரில் பாதிப் பேர் அவனிடம் கேட்டு வாங்கி அதையே போட்டுக்கொண்டு அவள் கண்ணெதிரே நடந்தார்கள்.

போதாக்குறைக்கு நூல் ஆலையிலிருந்து எல்ஸ்பா என்ற பெண் இன்றைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறாள். ஹன்னுஸை ஆலையின் வடிவமைப்பாளராக எடுத்துக்கொள்ளப் போகிறார்களாம். ஒப்பந்தத் தாள் மேசைமேல் இருந்தது, கையெழுத்துதான் பாக்கி. இதே ஆலைக்குப் பெய்ந்தா மூன்று தடவை தன் டிசைன்களை அனுப்பியிருக்கிறாள். ‘நேர்த்தியாக இருக்கிறது, புதிதாக ஒன்றும் இல்லை’ என்று மூன்று தடவையும் திரும்பி வந்தன. அதை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் சாப்பாடு இறங்காது.

ஆனால் இன்றைக்கு அவளிடம் ஒரு விஷயம் இருந்தது. போன வாரம் ஹன்னுஸ் வெளியே போயிருந்தபோது, அவன் பின்னலுக்குக் கட்டம் போட்டு வைத்திருந்த தாளை எடுத்து, ஒரு சுற்றுக்கு ஊசியில் எத்தனை நூல் கண்ணி என்று உட்கார்ந்து எண்ணியிருந்தாள். எண்ணி முடித்ததும் வாய்விட்டுச் சிரித்தாள். அவனிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். சொன்னால் விஷயம் வீட்டோடு போய்விடும் என்று அடக்கி வைத்திருந்தாள்.

எல்ஸ்பா ஸ்வெட்டரை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தாள். “இந்தச் சாய்வு இருக்கே, எங்க ஆலையில எல்லாருக்கும் அதுதான் பிடிச்சிருக்கு. எப்படித் தோணுச்சு உங்களுக்கு?”

ஹன்னுஸ் தாடியைச் சொறிந்தான். அது தானாக வந்தது என்று முணுமுணுத்தான். அந்த அடக்கத்தைப் பார்த்ததும் பெய்ந்தாவுக்குப் பொறுக்கவில்லை. காபிக் கூஜாவை மேசையில் வைத்தாள்.

“நான் சொல்றேன். அது டிசைனும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. கணக்குத் தப்பு. ஆறு கண்ணிக்கு ஒரு பூ. இருநூத்தி நாப்பது கண்ணி போட்டா சரியா வரும். இருநூத்தி நாப்பத்தொண்ணு போட்டிருக்கு. ஒரு கண்ணி அதிகம். சுத்துக்குச் சுத்து பூ ஒரு கண்ணி தள்ளித் தள்ளித்தான் விழும். ஊசி பிடிக்கத் தெரியாதவங்க பண்ற வேலை இது.”

தூரி கேக்கைக் கீழே வைத்துவிட்டு ஸ்வெட்டரை வாங்கினாள். ஊசி முனையால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். “இருநூத்தி நாப்பத்தொண்ணுதான்” என்றாள்.

இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எல்ஸ்பா பேனாவை மூடினாள். ஹன்னுஸின் காது சிவந்துவிட்டது. பெய்ந்தாவுக்கு ஒரு கணம் பாவமாக இருந்தது, ஆனாலும் இரண்டு வருஷத்து எரிச்சல் அப்போதுதான் அடங்கிய மாதிரி இருந்தது.

“தப்புன்னு உங்களுக்குத் தெரியுமா?” என்று எல்ஸ்பா அவனைக் கேட்டாள்.

“தெரியும்” என்றான் ஹன்னுஸ். பிறகு பெய்ந்தாவைப் பார்த்து, “விட்டுடு. என் தப்பாவே இருக்கட்டும்” என்றான்.

“ஏன் விடணும்? தெரிஞ்சே ஊரை ஏமாத்தியிருக்கே. இந்த லட்சணத்துல எண்ணுறதுக்கு யாருகிட்ட கத்துக்கிட்டே? எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு.”

ஹன்னுஸ் தூரியிடமிருந்து ஸ்வெட்டரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான்.

“உன்கிட்டதான். நான் முதல் தடவை கப்பல் ஏறினப்ப, நமக்குக் கல்யாணம்கூட ஆகல, அவசர அவசரமா ஒரு ஸ்வெட்டர் பின்னிக் குடுத்தியே. அது கடல்லயே நைஞ்சு கிழியறதுக்குள்ள கண்ணி கண்ணியா எண்ணி எழுதி வச்சுக்கிட்டேன். ஒரு கண்ணி அதிகமா இருக்குன்னு சொன்னா உனக்கு அசிங்கமா இருக்குமேன்னுதான் யாருகிட்டயும் வாயே திறக்கல. எனக்கு வேற எதுவும் பின்னத் தெரியாது பெய்ந்தா.”